பதினான்காம் நம்பர் பெட்டி

நுவரெலியா
30.3.1963, சனிக்கிழமை

தங்கச்சி மீனம்மாவுக்கு,

அண்ணன் அழகுமுத்து எழுதுவது. நான்கு வருடத்தில் உனக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதையும் அடுப்பில் போடுவதானால் அடுத்த வரியை மட்டும் படித்துவிட்டுப் போடு.

அம்மாவின் படம் ஒன்று இங்கே இருக்கிறது.

போட்டோ அல்ல. கையால் வரைந்த வர்ணப் படம். நான் தச்சு வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி ஒவ்வொரு ஏப்ரல் சீசனுக்கும் இங்கே சித்திரச் சந்தை நடத்துவது உனக்குத் தெரியும். கொழும்பிலிருந்தும் தோட்டத்து பங்களாக்களிலிருந்தும் படங்கள் பெட்டி பெட்டியாக வரும். மைதானத்தில் தொண்ணூறு அடிக் கொட்டகை போட்டு, பலகைச் சுவர் எழுப்பி, சாக்குத் துணி இழுத்து அடித்து, வெள்ளை பூசி, படங்களை மாட்டுவது எங்கள் வேலை. பத்து நாள் கழித்து அத்தனையையும் பிரித்து, படங்களை மறுபடி பெட்டியில் அடைத்து லொறியில் ஏற்றுவதும் நாங்கள்தான்.

வியாழக்கிழமை பதினான்காம் நம்பர் பெட்டியைத் திறந்தேன். மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'வார்னிஷ் இன்னும் காயவில்லை. நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். முகத்தில் எதுவும் படக்கூடாது' என்று எங்கள் கிளாக்கர் பொன்னையா படித்துச் சொன்னார். இந்தக் குளிரில் வார்னிஷ் காய ஒரு மாதம்கூட ஆகும். அதனால் மெதுவாகத் தூக்கினேன். தூக்கிய கையோடு நின்றுவிட்டேன்.

"என்ன பாஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் பொன்னையா. தச்சர்களை அவர் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"கிளாக்கரய்யா, இது எங்கம்மாங்க."

அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "அப்படிப் போடலியே. 'கொழுந்து பறிக்கும் பெண்'னுதான் போட்டிருக்கு."

உங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் சம்சாரத்தை நினைவிருக்கிறதா? வெயிலில்லாத நாளிலும் குடை பிடித்து உட்கார்ந்து வரைவாரே, குடைத் துரைசானி என்போமே, அவர் வரைந்தது. அம்மாவை நான்கு மத்தியானம் ஃபெக்டரிக்குப் பின்னால் கூடையோடு நிற்க வைத்தார். அப்போது பென்சிலால் எழுதி வைத்திருந்ததை இப்போது பெரிதாக்கி வர்ணம் தீட்டியிருக்கிறார். உயரம் மூன்றே கால் அடி, அகலம் இரண்டரை.

சந்தை ஏப்ரல் ஆறு முதல் பதினைந்து வரை. ஒரு தடவை வந்து பார். எனக்காக வர வேண்டாம்.

அண்ணன்
அழகுமுத்து


கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிஷன்
பொகவந்தலாவை
3.4.1963

அழகுமுத்து அவர்களுக்கு,

மீனம்மா எழுதுகிறேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி என்னை எழுத வைத்துவிட்டது. அதற்காகவும் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

கூடை மாட்டிய பொம்பளை என்றால் துரைமாருக்கு எல்லாம் ஒன்றுதான். அது அம்மாதான் என்று எப்படி நம்புவது? அம்மாவின் ஒரு காது அறுந்திருக்கும். எந்தக் காது? படத்தில் அது இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நாங்கள் அம்மாவை எடுத்த நாளைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தந்தி கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து உங்களுக்காக வைத்திருந்தோம். ஒரு மணி பஸ் வந்தது. மூன்று மணி பஸ் வந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததும் பெரியவர்கள் இனி வைத்திருக்க முடியாது என்றார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதலில் போட வேண்டிய மகனைத் தேடினார்கள். வேலாயி சித்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மவன் தொரைமாருக்குக் கொட்டகை போட்டுக்கிட்டு இருக்கான். பெத்தவளுக்குப் பாடை கட்டவா வரப்போறான்?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் புருஷன் செல்லசாமிதான் மகன் இடத்தில் நின்று அரிசி போட்டார். குழியில் முதல் பிடி மண்ணும் அவர்தான் போட்டார். மருமகன் போட்டால் போய்ச் சேராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடமாக எனக்கு நிம்மதி இல்லை.

நீங்கள் மூன்றாம் நாள் வந்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றீர்கள். நான் கதவைச் சாத்தினேன். இன்றைக்கு வந்தாலும் சாத்துவேனோ என்னவோ.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். என் மகள் லெட்சுமி, அம்மா போன பிறகு பிறந்தவள், "அம்மாயி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். சொல்லப் போனேன். முகம் முழுதாக வரவில்லை. நெற்றி வருகிறது, மூக்குத்தி வருகிறது, வாய் வர மாட்டேன் என்கிறது. நம் வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காதைப் பற்றி எழுதுங்கள்.

மீனம்மா


நுவரெலியா
6.4.1963, சனிக்கிழமை

தங்கச்சிக்கு,

இடது காது. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்ததில் அறுந்தது. படத்திலும் இடது காதுதான் அறுந்திருக்கிறது. துரைசானி அதை மறைக்காமல் வரைந்திருக்கிறார். தலையில் கறுப்புக் கம்பளி. இடுப்பில் நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு. வலது கை கொழுந்தின் மேல் இருக்கிறது, பறிக்கவில்லை.

வாயைப் பற்றி எழுதியிருந்தாய். இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். லேசாகத் திறந்திருக்கிறது. மேல் உதடு மெல்லியது, கீழ் உதடு தடித்தது. யாரையோ கூப்பிடப் போகிறவள் போல இருக்கிறாள். இதற்கு மேல் எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த நாளைப் பற்றி. ஏழு கடிதத்திலும் தந்தி பிந்தி வந்தது என்று எழுதினேன். அது பொய். தந்தி காலை பத்து மணிக்குக் கொட்டகைக்கே வந்தது. நான் ஏணியில் நின்றேன். பொன்னையா கீழேயிருந்து படித்தார். 'தாய் சீரியஸ். உடனே வரவும்.' நம் ஆட்கள் சாவுத் தந்தியில் சாவு என்று போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சீரியஸ் என்று வந்தால் ஆள் போய்விட்டார் என்றுதானே கிளம்புவோம்? தெரிந்தே நான் என்னிடம் சொல்லிக்கொண்டேன்: சீரியஸ்தானே, நாளைக்குப் போகலாம் என்று. மறுநாள் திறப்பு விழா. கொட்டகை குறித்த நேரத்துக்கு முடிந்தால் எனக்கு நிரந்தர வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் நாற்பது படம் மாட்டினேன். எல்லாம் மட்டம் பிசகாமல் இருந்தன.

நிரந்தர வேலை கிடைத்தது. இந்தக் கடிதத்தை அந்த வேலையில் இருந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது அவசரமான செய்தி. இன்றைக்குத் திறந்து ஒரு மணி நேரத்துக்குள் அம்மாவின் படத்தைக் கொழும்புக் கனவான் ஒருவர் வாங்கிவிட்டார். சந்தை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நீயும் நானும் பார்க்க வழியில்லை. சந்தை நடக்கும் நாட்களில் நீ வந்தால், சீட்டு வாங்கினாலும், வாசலில் நிற்கிறவன் உன்னை ஏற இறங்கப் பார்த்து ஏதாவது சொல்வான். பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை வா. அன்றைக்குப் பிரிக்கிற வேலை. நாங்கள் நான்கைந்து பேர் மட்டும்தான் இருப்போம். விற்ற படங்களை முதலில் அடைக்க வேண்டும் என்பது முறை. பதினான்காம் நம்பரைக் கடைசிக்கு வைக்கிறேன். லொறி மூன்று மணிக்கு.

அண்ணன்


கல்லுமலைத் தோட்டம்
10.4.1963

அண்ணனுக்கு,

காது சரி.

தந்தி விஷயம் படித்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். எழுதினால் இந்தத் தாள் போதாது.

வருகிறேன். முதல் பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து ரயிலில் நானு ஓயா, பிறகு பஸ். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று செல்லசாமி சொல்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக வருகிறேன். ஹட்டனுக்கு அப்பால் நான் போனதில்லை.

கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்டேன்.

"எங்க போற?"

"எங்கம்மாவப் பாக்கப் போறேங்க ஐயா."

"உங்கம்மா செத்து நாலு வருஷமாச்சேம்மா?"

"ஆமாங்க. இதுக்கு மேல லேட்டாக்கக் கூடாதுங்க."

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு லீவு கொடுத்தார்.

நான் வருவது உங்களை மன்னிக்க அல்ல. அங்கே வந்ததும் என்னிடம் சமாதானம் பேச வேண்டாம். படத்தைக் காட்டினால் போதும். ஒரு பொருள் கொண்டுவருகிறேன். என்ன என்று கேட்டு எழுத வேண்டாம். எழுதினாலும் கடிதம் வந்து சேர நாளில்லை.

மீனம்மா


நுவரெலியா
24.4.1963

தங்கச்சிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டுக்கூட எட்டு நாளாக எழுதவில்லை. இங்கே நடந்தது ஒரு முடிவுக்கு வரட்டும் என்று இருந்தேன். இன்றைக்கு வந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

நீ வந்து நின்றபோது கொட்டகையில் மற்றச் சுவர்கள் எல்லாம் விழுந்துவிட்டன. அம்மாவின் சுவர் ஒன்றுதான் நின்றது. நீ எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று உனக்குத் தெரியாது. இருபத்தைந்து நிமிடம். பொன்னையா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நீ, "படுக்க வையுங்க" என்றாய். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. மரம் அறுக்கத் தாங்கும் இரண்டு மரக்குதிரைகளின் மேல் பலகை போட்டுப் படுக்க வைத்தேன். நீ வெளியே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து, தலைமாட்டைத் தெற்கே திருப்பச் சொன்னபோதுதான் புரிந்தது. மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்துப் பச்சரிசியை என் கையில் கொட்டினாய்.

முகத்தில் எதுவும் படக்கூடாது என்று பெட்டியில் எழுதியிருந்ததை நான் மறந்து போடவில்லை. பதினொரு வருடமாகப் படம் தூக்குகிறேன். கூட இருப்பவர்களை விரல் படக்கூடாது என்று திட்டுகிறவன் நான்தான். நினைவோடுதான் போட்டேன். மூன்று தடவை போட்டேன். லொறிக்காரர் மஃறூப் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றப் போய், அவர்கள் முஸ்லிம் வழக்கத்தில் கழற்றக் கூடாது என்று நினைவு வந்து, திரும்பி நின்றுகொண்டார்.

அரிசியை ஊதி எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீ ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போன பிறகு குனிந்து பார்த்தேன். ஊத மனம் வரவில்லை. எந்த மகனாவது போட்ட வாய்க்கரிசியைத் திரும்ப எடுத்திருக்கிறானா? அப்படியே பெட்டியில் இறக்கி மூடினேன். பன்னிரண்டு ஆணி. அந்தப் பெட்டியில் படத்தை நிற்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். நிற்க வைத்திருந்தால் அரிசி பெட்டியின் அடியில் உதிர்ந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆணி அடித்து முடித்ததும் அதை நிமிர்த்த என்னால் முடியவில்லை. மஃறூப் நானாவிடம், "படுக்க வச்சே கொண்டு போங்க நானா, மேல எதையும் ஏத்தாதீங்க" என்றேன். கொழும்பு வரை நூறு மைல் மலைப் பாதையில் படுக்க வைத்தே கொண்டுபோனார்.

வார்னிஷ் காயவில்லை. அரிசி வாயோடு ஒட்டிக்கொண்டது. கனவான் வீட்டில் பெட்டியைத் திறந்து, ஒட்டியிருந்த அரிசியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வர்ணமும் சேர்ந்து வந்துவிட்டது. படம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். பொன்னையா முந்திய நாளே என்னிடம் வந்து, "பாஸ், பெட்டிக்குள்ள எலி பூந்து அரிசியக் கொண்டாந்து போட்டிருக்குன்னு ரிப்போர்ட் எழுதிடறேன். ஸ்டோர்ல எலி இருக்கிறது மொதலாளிக்கும் தெரியும். நீங்க வாயத் தொறக்காம நின்னா போதும்" என்றார். நல்ல மனுஷர். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

வரிசையில் நின்றபோது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தந்தி அங்கே இருப்பது போல இருந்தது. ஒரு தடவை அம்மாவை மறைத்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். இன்னொரு தடவை அம்மா வாயில் போட்ட அரிசியை எலி போட்டது என்று சொல்ல முடியவில்லை.

"நான்தாங்க போட்டேன்" என்றேன்.

"எதற்கு?" என்று கேட்டார். சொன்னேன். முதலாளி கெட்டவர் அல்ல. "அழகுமுத்து, அது உன் அம்மா இல்லை. அது ஒரு படம்" என்றார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

கடைசியாக உன்னிடம் சொல்லத் தயங்குவது இதுதான். படம் துரைசானியிடம் திரும்பிப் போயிருக்கிறது என்று இன்றைக்குத் தெரிந்தது. அவர் ஜூன் மாதம் சீமைக்குப் போகிறார். அதற்கு முன் அந்த இடத்தை மறுபடி வரைவாராம். வேறு வாய் வைப்பார். அவருக்கு அம்மாவின் வாய் எங்கே நினைவிருக்கும்? உனக்கு நினைவு வராத அந்த ஒன்றைத்தான் நான் அழித்துவிட்டேன். அதற்குத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பழையதற்கு அல்ல. பழையதற்குக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அழகுமுத்து


கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிஷன்
பொகவந்தலாவை
28.4.1963

அண்ணே,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை செல்லசாமிக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "மச்சானுக்கு இங்க வேல இருக்கான்னு டிவிஷன் ஆபீஸ்ல கேக்கறேன்" என்றார். கிடைக்குமா தெரியாது. ஆட்களைக் குறைக்கிற காலம் இது.

நீ வேலையை இழப்பாய் என்று தெரிந்திருந்தால் அரிசி கொண்டு வந்திருக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய்யாகிவிடும். அப்போதும் கொண்டு வந்திருப்பேன். நான்கு வருடமாக அந்த முடிச்சை எனக்குள் கட்டி வைத்திருந்தேன். உன்னைக் குத்திக் காட்டத்தான் கொண்டு வந்தேன், கும்பிட அல்ல. நீ போட மாட்டாய், படத்துக்குக் கெடுதி என்பாய், நான் அங்கேயே வைத்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று ரயில் முழுக்க அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டாய். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றது அதனால்தான். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நானு ஓயா ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன்.

வாயைப் பற்றிக் கவலைப்படாதே. துரைசானி எந்த வாயை வேண்டுமானாலும் வரையட்டும். அது அவர் படத்துக்கு. அம்மாவின் வாய் அரிசி வாங்கிய பிறகுதானே போனது? செத்தவர்கள் எல்லோருடைய வாயும் அப்படித்தான் போகிறது. லெட்சுமி மறுபடி கேட்டாள். மேல் உதடு மெல்லிசு, கீழ் உதடு தடிப்பு, உன் மாமாவுக்கு இருக்கிற மாதிரி என்றேன். "மாமாவ நான் பார்த்ததே இல்லையே" என்கிறாள். அது என் குற்றம்.

மாதம் முடிந்ததும் இங்கே வா. கதவைச் சாத்த மாட்டேன். சாத்தவும் முடியாது, போன மழையில் உப்பி நிற்கிறது. உளியும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு வா. உன்னை வரவழைக்கச் சொல்லும் சாக்கு என்று நினைக்காதே, நிஜமாகவே கதவு உப்பியிருக்கிறது.

தந்தியை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்றும் சொல்லவில்லை. நீயும் நானும் இருக்கும் வரை அது இருக்கும்.

ஆனால் ஒன்று. பெட்டியை நிமிர்த்தாமல் அனுப்பினாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து வேறு நினைவு இல்லை. மலையில் நின்றாள், பெரட்டில் நின்றாள், துரைசானிக்காகவும் நான்கு மத்தியானம் நின்றாள். பகலில் அம்மா படுத்து நான் பார்த்தது இரண்டே தடவை. ஒரு தடவை நீ இல்லை. ஒரு தடவை நீ இருந்தாய்.

மீனா